வெயில் மயக்கமா, மருந்து மயக்கமா?
வயலில் செய்ய வேண்டிய முதலுதவி

பயிர்ப் பாதுகாப்பு மருந்துகளைக் கையாளும்போது கடைப்பிடிக்க வேண்டிய எச்சரிக்கைகளைப் பற்றி உழவர் பெருமக்கள் பலமுறை கேட்டிருப்பார்கள். கையுறை அணிதல், காற்று வீசும் திசையறிந்து தெளித்தல் போன்றவை மருந்துப் புட்டியின் மேலேயே அச்சிடப்பட்டுள்ளன. ஆனால், இவற்றையும் மீறி ஒருவர் வயலில் மயங்கி விழுந்துவிட்டால், அவரை மருத்துவரிடம் சேர்க்கும் வரை உடன் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. படித்தவர்களும் இதற்கு விலக்கல்ல என்பதை என் அனுபவத்தில் கண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சித்திரை மாதத்தில், மாசிப்பட்ட இறவைப் பருத்தி வயல் ஒன்றைப் பார்வையிடச் சென்றிருந்தேன். பகல் பதினொரு மணி இருக்கும். கைத்தெளிப்பானால் மருந்து தெளித்துக் கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் தலை சுற்றுவதாகச் சொல்லி வரப்பில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் சாய்ந்துவிட்டார். வெயில் கடுமையாக இருந்ததால் வெயில் மயக்கம் என்றே அனைவரும் எண்ணினோம். அவரை வேப்ப மர நிழலில் கிடத்தி, முகத்தில் தண்ணீர் தெளித்து, இளநீர் வெட்டச் சொன்னோம். தெளிப்பானிலிருந்து ஒழுகிய மருந்தால் அவருடைய சட்டையின் முதுகுப்புறம் முழுவதும் நனைந்திருந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்று அங்கிருந்த எவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. களை எடுத்துக் கொண்டிருந்த அவருடைய மனைவி ஓடி வந்து பார்த்துவிட்டு, "ஏன் சார், வெயிலு அடிச்சா வாயில இப்படி எச்சி ஊத்துமா?" என்று கேட்ட பின்னரே எங்களுக்கு விளங்கியது. அதற்குள் அரை மணி நேரம் கழிந்துவிட்டது. அந்த அரை மணி நேரமும் நனைந்த சட்டையின் வழியே நஞ்சு அவர் உடலுக்குள் போய்க் கொண்டே இருந்தது.

மருத்துவமனையில் சில நாட்கள் இருந்து அவர் பிழைத்து எழுந்தார். ஆனால் அந்த அம்மையாரின் கேள்வியை நான் மறக்கவில்லை. தெளிப்பவர் எவரும் இக்கேள்விக்கு விடை அறிந்திருத்தல் வேண்டும்.

நஞ்சு உடலில் புகும் வழி

மருந்தைக் குடித்தால்தான் ஆபத்து என்ற தவறான எண்ணம் பரவலாக உள்ளது. தெளிப்பவர்களுக்குப் பெரும்பாலும் தோலின் வழியாகவே நஞ்சு ஏறுகிறது. கை, முன்கை, முதுகு, தொடை இடுக்கு ஆகிய இடங்களில் மருந்து படுவது அதிகம். வியர்வையில் நனைந்த தோலிலும், வெயிலில் சூடேறி இரத்த ஓட்டம் மிகுந்த தோலிலும் மருந்து விரைவாக ஊடுருவும். ஆகவே வெயிலும் மருந்தும் தனித்தனிப் பகைகள் அல்ல. ஒன்றுக்கொன்று துணை செய்பவை.

2017ஆம் ஆண்டு மகாராட்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஆளுயரம் வளர்ந்த செடிகளுக்கு நடுவே, போதிய காப்புடை இன்றி, பல மருந்துகளை ஒன்றாகக் கலந்து தெளித்தது இதற்குக் காரணங்களாகச் சுட்டப்பட்டன.

உடலுக்குள் நடப்பது என்ன?

நாம் பயன்படுத்தும் பூச்சிக்கொல்லிகளுள் ஆர்கனோ பாஸ்பரஸ், கார்பமேட் ஆகிய இரு வகைகள் நரம்பைத் தாக்குபவை. இவை வேலை செய்யும் முறையை வாய்க்கால் பாசனத்தைக் கொண்டு விளங்கிக் கொள்ளலாம். வயலுக்கு நீர் தேவைப்படும்போது ஒருவர் மடையைத் திறக்கிறார்; பாய்ந்து முடிந்ததும் மற்றொருவர் அடைக்கிறார். நம் நரம்பு நுனியில் அசிட்டைல்கோலின் என்னும் பொருள் மடையைத் திறக்கும் வேலையைச் செய்கிறது. தசை இயங்குகிறது, எச்சில் சுரக்கிறது. வேலை முடிந்ததும் கோலின் எஸ்டரேஸ் என்னும் நொதி அந்த மடையை அடைத்துவிடுகிறது. பூச்சிக்கொல்லி இந்த நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. அடைப்பவர் இல்லாத மடையில் நீர் நிற்காமல் பாய்வது போல எச்சில், கண்ணீர், வியர்வை, மார்புச்சளி எல்லாம் அளவின்றிச் சுரக்கின்றன. கண்பாவை சுருங்குகிறது. தசைகள் தாமாகத் துடித்துப் பின் சோர்ந்துவிடுகின்றன. முடிவில் மூச்சு விடும் தசைகளும் சோர்ந்து, மார்பு சளியால் நிறைந்து, மூச்சு நின்றுவிடும்.

வெயிலா, நஞ்சா? கண்டறிவது எப்படி?

கீழ்க்காணும் ஐந்து இடங்களை வரிசையாகக் கவனிக்க வேண்டும்.

1. வாய்: நஞ்சேறியவருக்கு எச்சில் ஒழுகும், சில வேளைகளில் நுரை தள்ளும். வெயில் தாக்கியவருக்கு நாக்கும் உதடும் உலர்ந்திருக்கும்.

2. கண்: நஞ்சேறியவரின் கண்பாவை கடுகளவாகச் சுருங்கும், கண்ணீர் வடியும், பார்வை மங்குவதாகச் சொல்வார். வெளிச்சத்தில் எல்லோருக்கும் பாவை சுருங்கும் என்பதால் இதனை நிழலில் வைத்தே பார்க்க வேண்டும். நலமாக உள்ள ஒருவரை அருகில் உட்கார வைத்து இருவர் கண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது.

3. மார்பு: நஞ்சேறியவருக்கு மூச்சில் சளி கரகரக்கும், மார்பை இறுக்குவது போலிருக்கும். வெயில் தாக்கியவருக்கு மூச்சு வேகமாக இருக்கும், கரகரப்பு இராது.

4. தசை: நஞ்சேறியவரின் இமை, கன்னம், கெண்டைக்கால் ஆகியவற்றில் தோலுக்கடியில் புழு நெளிவது போன்ற துடிப்பு காணப்படும். வெயிலில் உழைத்தவருக்குக் காலிலும் வயிற்றிலும் தசை இறுகி வலிக்கும்.

5. உடற்சூடு: வெப்பத் தாக்கு ஏற்பட்டவரின் உடல் தொட்டால் கொதிக்கும். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியசுக்கு மேல், அதாவது 104 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் ஏறிவிடும். பேச்சுக் குழறும். ஆளை அடையாளம் தெரியாமல் உளறுவார். நஞ்சேறியவரின் உடல் பெரும்பாலும் வியர்த்து ஈரமாக இருக்கும்.

வியர்வையை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. வெயிலில் கடுமையாக உழைத்துக் கொண்டிருக்கும்போதே வெப்பத் தாக்கு வந்தவருக்கும் வியர்வை இருக்கலாம். குமட்டல், வாந்தி, தலைவலி, தலைசுற்றல் ஆகியவை இரண்டிலும் உண்டு. கண்பாவை தொடக்கத்தில் சுருங்காமலும் இருக்கலாம். ஆகவே எல்லா நேரங்களிலும் தெளிவாகப் பிரித்தறிய இயலாது.

ஐயம் ஏற்பட்டால்

பிரித்தறிய இயலாவிட்டாலும் கலங்க வேண்டியதில்லை. இரண்டிற்கும் வயலில் செய்யக்கூடிய முதல் சிகிச்சை ஒன்றே. உடையைக் கழற்றுவதும் உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றுவதுமே அந்தச் சிகிச்சை. நஞ்சேறியிருந்தால் தண்ணீர் நஞ்சைக் கழுவும். வெயில் தாக்கியிருந்தால் உடலைக் குளிர்விக்கும். மருந்து தெளித்துக் கொண்டிருந்தவர் மயங்கினால், அது நஞ்சு என்றே கொண்டு செயல்படுக. வெயில் மயக்கமாக இருந்தாலும் இதனால் கேடில்லை. நஞ்சை வெயில் என்று எண்ணிக் காத்திருந்தால் உயிருக்கே கேடு.

செய்ய வேண்டியவை வரிசைப்படி:

1. முதலில் உங்களைக் காத்துக் கொள்க. கையுறை இருந்தால் அணிக. இல்லையேல் பாலிதீன் பையைக் கையில் மாட்டிக் கொள்க. உதவி செய்யப் போனவருக்கும் நஞ்சு ஏறிய நிகழ்ச்சிகள் உண்டு.

2. மருந்து தெளித்த வயலிலிருந்து அவரைக் காற்றோட்டமுள்ள நிழலுக்குக் கொண்டு செல்க. ஒருவரை 108 வண்டிக்குத் தொலைபேசி செய்யச் சொல்லுக. தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் இந்த இலவச ஊர்தி இயங்கி வருகிறது. ஊர்தி வயலைக் கண்டுபிடிக்க வசதியாகச் சாலைக்கு ஓர் ஆளை அனுப்புக.

3. சட்டை, வேட்டி, பனியன், அரைஞாணில் கட்டிய துணி, செருப்பு அனைத்தையும் உடனே அகற்றுக. பொத்தானைக் கழற்ற நேரமாகுமானால் துணியைக் கிழித்துவிடுக. பெண் தொழிலாளியாக இருந்தால் மற்ற பெண்கள் புடவையால் மறைப்புக் கட்டிக் கொண்டு இதனைச் செய்ய வேண்டும். கூச்சத்தால் காலம் தாழ்த்துதல் கூடாது.

4. மோட்டார் இறைத்துக் கொண்டிருந்தால் அந்த நீரிலேயே, சோப்புப் போட்டு, தலைமுடி முதல் கால் வரை கழுவுக. நகக்கண், காதின் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு ஆகியவற்றை மறக்க வேண்டாம். அழுத்தித் தேய்க்கக் கூடாது; தோல் சிராய்த்தால் நஞ்சு எளிதில் புகும். கழுவிய பின் உலர்ந்த துணியால் போர்த்துக. உடல் கொதித்தால் மட்டும் போர்த்தாமல் தண்ணீர் ஊற்றி விசிறிக் கொண்டிருக்க வேண்டும்.

5. நினைவு தப்பியிருந்தால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயிலுள்ள எச்சிலும் வாந்தியும் வெளியே வழியும்படி தலையைச் சற்றுத் தாழ்த்தி வைக்க வேண்டும். மல்லாந்து கிடத்தினால் அவை மூச்சுக் குழலில் இறங்கிவிடும்.

6. வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிப்பதாலோ, பல்லுக்கிடையே கரண்டியைச் செருகுவதாலோ பயனில்லை. அடிபடாமல் பார்த்துக் கொண்டு, வலிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும்.

7. மூச்சு நின்றுவிட்டால் மல்லாந்து படுக்க வைத்து, மார்பின் நடு எலும்பின் மேல் இரு உள்ளங்கைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, 5 செ.மீ. அமுங்கும்படி, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். 108 தொலைபேசியில் பேசுபவர் சொல்லும் வழியைப் பின்பற்றுக. நஞ்சு பட்ட வாயோடு வாய் வைத்து ஊதுதல் ஆபத்து.

மருந்து வாய்வழியே போய்விட்டால்

தவறுதலாகவோ, குழந்தைகள் அறியாமலோ, மனத்துயரத்திலோ ஒருவர் மருந்தை விழுங்கிவிட்டால் நம் ஊர்களில் வாந்தி எடுக்க வைப்பதே வழக்கமாக உள்ளது. உப்புக் கரைசல், சோப்புத் தண்ணீர், சாணக் கரைசல், இன்னும் சொல்லக் கூசும் கரைசல்களைக்கூட வாயில் ஊற்றுகிறார்கள். இது பெருந்தவறு. திரவ மருந்துகள் பலவற்றில் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான்கள் கலந்துள்ளன. வாந்தி வரும்போது இவை நுரையீரலில் இறங்கினால் உயிருக்கு ஆபத்து. அமிலமும் காரமும் இறங்கும்போது ஒருமுறை தொண்டையைப் புண்ணாக்குகின்றன. வாந்தியில் மேலேறும்போது மறுமுறை புண்ணாக்குகின்றன. உப்புக் கரைசல் மிகுந்தால் அதுவே நஞ்சாகும்.

பால், விளக்கெண்ணெய், மோர் ஆகியவை நஞ்சை முறிக்கும் என்ற நம்பிக்கையும் சரியன்று. எண்ணெயில் கரையும் மருந்துகள் பாலிலும் எண்ணெயிலும் கரைந்து குடலில் எளிதில் ஏறக்கூடும். நினைவில்லாதவருக்கு எதையும் புகட்டக் கூடாது. நினைவு இருந்தால் வாயைக் கொப்பளிக்கச் செய்து, மருந்துப் புட்டியுடன் மருத்துவமனைக்கு விரைவதே சரியான முதலுதவி.

மனத்துயரத்தால் மருந்து அருந்தியவரைக் காவல் துறை வழக்குக்கு அஞ்சி வீட்டிலேயே வைத்திருந்து காலத்தை வீணாக்குவோர் உள்ளனர். 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மனநலப் பாதுகாப்புச் சட்டம் இத்தகையவரைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகவே கருதுகிறது. அவருக்குச் சிகிச்சையும் ஆதரவும் அளிப்பதை அரசின் கடமையாக்கியுள்ளது. ஆகவே உண்மையை மறைக்காமல் மருத்துவரிடம் கூறுக. வீட்டில் எவரேனும் மனம் சோர்ந்திருப்பதாகத் தெரிந்தால் மருந்துப் பெட்டியின் சாவி வேறு ஒருவரிடம் இருப்பது நலம். பேசித் துணை பெற 104 என்ற இலவச எண் உள்ளது.

வெயில் தாக்கினால்

மருந்து எதுவும் தெளிக்காமல் அறுவடையிலோ களையெடுப்பிலோ ஈடுபட்டிருந்தவர் சோர்ந்தால் அது வெயிலின் விளைவாகலாம். இதில் இரு நிலைகள் உண்டு. முதல் நிலையில் மிகுந்த வியர்வை, தலைவலி, குமட்டல், கால் தசை இறுக்கம் ஆகியவை இருக்கும்; நினைவு தெளிவாக இருக்கும். நிழலில் படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, உப்பு-சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் குடிக்கச் செய்தால் ஒரு மணி நேரத்தில் தெளிவார். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் கரைசல் ஆயத்தமாகும். உப்பிட்ட மோர், நீராகாரம், இளநீர் ஆகியவையும் உதவும்.

இரண்டாம் நிலை வெப்பத் தாக்கு. உடல் கொதிக்கும், உளறல், தள்ளாட்டம், வலிப்பு, நினைவிழத்தல் ஆகியவை காணும். இந்நிலையில் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும் சிறுநீரகத்திற்கும் கேடு விளைகிறது. ஊர்தி வரும் வரை காத்திராமல் இருக்கும் இடத்திலேயே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுக; ஊற்றியபின் பனைவிசிறியாலோ துண்டாலோ விடாமல் விசிறுக. பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் வைக்கலாம். சாதாரணக் காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது. நினைவு சரியில்லாதவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்கலாகாது.

கண்ணிலும் தோலிலும் பட்டால்

பூச்சிக்கொல்லி மட்டுமன்றி, வேளாண்மையில் நாம் கையாளும் வேறு சில பொருட்களும் உடலைச் சுடும். போர்டோக் கலவை தயாரிக்கச் சுண்ணாம்பைத் தாளிக்கும்போது அது கொதித்துத் தெறித்துக் கண்ணில் படுவதுண்டு. மயில்துத்தத் தூளும் கண்ணுக்குக் கேடானது. பருத்தி விதையின் பஞ்சு நீக்கக் கிலோவுக்கு 100 மி.லி. அடர் கந்தக அமிலம் பயன்படுத்துகிறோம்.

கண்ணில் எது பட்டாலும் இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, சுத்தமான நீரை மெல்லிய ஓட்டமாக 20 நிமிடங்களுக்குக் குறையாமல் ஊற்ற வேண்டும். மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக நீர் வழிந்தால் மறு கண்ணில் படாது. சுண்ணாம்புத் துகள் இமைக்குள் ஒட்டியிருந்தால் நனைத்த மெல்லிய துணி முனையால் எடுத்துவிட்டு மீண்டும் கழுவுக. தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு ஆகியவற்றைக் கண்ணில் விடலாகாது. அமிலத்தைவிடச் சுண்ணாம்பு கண்ணின் ஆழத்திற்கு ஊடுருவும் தன்மையுள்ளது. எரிச்சல் நின்றாலும் கண் மருத்துவரிடம் அன்றே காட்டுதல் வேண்டும்.

தோலில் உலர்ந்த சுண்ணாம்புத் தூள் கொட்டினால் முதலில் துணியால் தட்டிவிட்டு, பிறகு ஏராளமான நீரால் கழுவுக. சிறிதளவு நீர் பட்டால் தூள் கொதித்து மேலும் சுடும். அமிலம் பட்டால் உடனே ஓடும் நீரில் 20 நிமிடம் கழுவ வேண்டும். அமிலத்தை முறிக்கிறேன் என்று சுண்ணாம்பையோ சோடா உப்பையோ தடவினால் அங்கு வெப்பம் உண்டாகிப் புண் பெரிதாகும். அமிலத்தை நீர்க்கச் செய்ய நேர்ந்தால் நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டுமேயன்றி, அமிலத்தில் நீரை ஊற்றவே கூடாது.

செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் முகத்தில் பட்டால் எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் தோன்றும். சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு கழுவினால் இது பெரும்பாலும் ஒரு நாளில் தணியும். பாராகுவாட் போன்ற களைக்கொல்லி வாயில் பட்டிருந்தால், அன்று எந்தத் தொல்லையும் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இதன் கேடு சில நாட்கள் கழித்தே வெளிப்படும்.

தானியக் கிடங்கில் நச்சுப் புகையூட்டம் செய்த அறையிலும், சாண எரிவாயுக் கலனிலும், நெடுநாள் இறைக்காத கிணற்றிலும் ஒருவர் மயங்கிக் கிடந்தால், அவரைத் தூக்கப் பின்தொடர்ந்து இறங்கக் கூடாது. அவ்வாறு இறங்கி ஒரே குடும்பத்தில் இருவர் மூவர் மாண்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். தீயணைப்புத் துறையினரை அழைத்து, மூச்சுக் கருவி அணிந்தவர்களைக் கொண்டே மீட்க வேண்டும்.

மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டியது

நோயாளியுடன் மருந்துப் புட்டியையும் அதனுடன் தரப்படும் துண்டுத் தாளையும் தவறாமல் எடுத்துச் செல்க. பூச்சிக்கொல்லிகள் பற்றிய 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1971இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, மருந்தின் பொதுப் பெயர், நஞ்சின் அறிகுறி, முதலுதவி, முறிமருந்து ஆகியவை அதில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். "பருத்தி மருந்து", "வெள்ளை மருந்து" என்று சொன்னால் மருத்துவரால் ஒன்றும் அறிய இயலாது. ஆர்கனோ பாஸ்பரசுக்கு ஒரு சிகிச்சை. களைக்கொல்லிக்கு வேறு சிகிச்சை. கடையில் சில்லறையாகப் புட்டி மாற்றி வாங்குவதும், மது அல்லது குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பதும் இதனால்தான் ஆபத்தானவை.

புட்டியின் மேலுள்ள சாய்சதுரத்தின் கீழ்ப் பாதியில் உள்ள நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் கொடிய நஞ்சு, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்த நஞ்சு. பச்சை என்பதால் காப்பின்றிக் கையாளலாம் என்பது பொருளன்று.

எந்த மருந்து, எப்போது பட்டது, எந்த வழியாகப் போனது, எவ்வளவு நேரம் தெளித்தார், வேறு எதனுடன் கலந்தார், வயலில் என்ன முதலுதவி செய்தீர்கள் ஆகிய ஆறு விவரங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு சென்றால் பதற்றத்தில் மறவாது.

தெளிந்த பின்னும் கவனம் தேவை

தோல் வழியே ஏறிய நஞ்சு உடனே தெரியாமல், இரவில் வீட்டிற்குச் சென்ற பின் வெளிப்படலாம். ஆகவே தெளித்த நாளின் இரவில் தலைவலி, வயிற்று வலி, வாந்தி ஏற்பட்டால் அலட்சியம் செய்யாதீர்கள்.

ஆர்கனோ பாஸ்பரஸ் நஞ்சிலிருந்து தெளிந்தவருக்கு ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்தைத் தூக்க முடியாத சோர்வும் மூச்சுத் திணறலும் மீண்டும் வரக்கூடும். "ஆள் நன்றாகிவிட்டார், வேலை கெடுகிறது" என்று மருத்துவர் விடுவிக்கும் முன் அழைத்து வருதல் கூடாது. குறைந்துபோன நொதி பழைய அளவுக்கு வரச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் மீண்டும் தெளிக்கச் சென்றால் சிறிதளவு மருந்தும் அவரைச் சாய்த்துவிடும். மருத்துவர் அனுமதிக்கும் வரை அவருக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். கூலிக்குத் தெளிப்பவரை அமர்த்தும் உழவர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. தெளிப்பு வேலையை இழந்தால் கூலி போகுமே என்று அவர் உடல்நலக் குறைவை மறைக்கும் நிலை வரக்கூடாது.

வயலுக்குப் போகும் முன்

மருந்து தெளிக்கும் நாளில் கீழ்க்கண்டவை வரப்பில் இருக்கட்டும்: இரண்டு குடம் நல்ல தண்ணீர், ஒரு சோப்பு, ஒரு மாற்று உடை, உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், 108 எண்ணுக்குப் பேசக்கூடிய தொலைபேசி. இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு புட்டி மருந்தின் விலையில் சிறு பங்குகூட இராது.

கத்தரி வெயில் காலத்தில் காலை வேளையிலேயே தெளிப்பை முடித்துவிடுக. கால் மணிக்கு ஒருமுறை ஒரு குவளை தண்ணீர் குடிக்க வேண்டும். குடிக்கும் முன் கையையும் வாயையும் கழுவுக. தெளிப்பான் ஒழுகுகிறதா என்று வெறும் நீரை நிரப்பி முன்கூட்டியே சோதிக்கவும். முதுகில் பாலிதீன் தாளைக் கட்டிக் கொண்டு அதன் மேல் தெளிப்பானை மாட்டுவது நலம். அடைத்துக் கொண்ட விசிறு முனையை வாயால் ஊதாமல் குச்சியால் சுத்தம் செய்க. தனியாகச் சென்று தெளிக்காதீர்கள். கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருக்கட்டும். வீடு திரும்பியதும் தெளிப்பு உடையைத் தனியே துவைக்க வேண்டும். துவைப்பவரும் கையுறை அணிதல் நன்று.

வாயில் எச்சில், சுருங்கிய கண், கரகரக்கும் மார்பு, துடிக்கும் தசை ஆகியவற்றை உங்கள் வீட்டுப் பெண்களுக்கும் வேலைக்கு வருவோருக்கும் சொல்லிக் கொடுங்கள். நான் கண்ட நிகழ்ச்சியில் நஞ்சை முதலில் அறிந்தவர் பட்டம் பெற்றவர் அல்லர். களை எடுத்துக் கொண்டிருந்த அம்மையாரே. அவருக்கு இவ்வடையாளங்கள் முன்பே தெரிந்திருந்தால் அந்த அரை மணி நேரமும் வீணாகியிராது. ஐயம் வந்தவுடன் சட்டையைக் கழற்றித் தண்ணீரை ஊற்றுக. மற்றவற்றை மருத்துவர் பார்த்துக் கொள்வார்.